கற்சிலைமடுவில் ஒரு கல்

வென்றவன் தன் வெற்றியைக் கல்லில் எழுதி நாட்டுவது எந்த நாட்டிலும் உள்ள வழக்கம். தோற்றவனுடைய மக்கள் அந்தக் கல்லைத் தம் வீரனுக்குரிய கல்லாகவே கொண்டு, தலைமுறை தலைமுறையாகப் போற்றி வருவது அவ்வளவு சாதாரணமாகக் காணக் கிடைப்பதன்று. அத்தகைய ஓர் இடம் வன்னிப் பெருநிலத்திலே உண்டு. ஒட்டுசுட்டானுக்கு அயலில் உள்ள கற்சிலைமடு என்னும் சிற்றூரே அது. ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், எமது கல்லூரி மாணவ மாணவியர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு அவ்வூருக்கு ஒரு பிரயாணம் செய்தோம். அங்கே கண்டதையும், கண்டபின் எம் உள்ளத்தில் எழுந்த ஒரு கேள்வியையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

வவுனியாவில் விடியற்காலையிலேயே பஸ் வண்டி ஏறினோம். நகரத்தில் கையில் வாளுடன் நிற்கும் பண்டாரவன்னியன் சிலையை எமது மாணவர் நாள்தோறும் காண்பவர்கள். நாள்தோறும் காண்பதனாலேயே அதனை உற்றுநோக்காதவர்கள் என்றும் சொல்லலாம். வண்டி புளியங்குளத்தையும் கனகராயன்குளத்தையும் தாண்டி மாங்குளத்தை அடைந்தது. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு வீதி. ஏறக்குறைய 50 கிலோமீற்றர் நீளமான அவ்வீதியின் இரு மருங்கிலும் பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கி வளர்ந்த காடு. காடு விலகும் இடங்களில் வயல்வெளி. கோடையில் வற்றிய குளங்களில் முதல் மழையின் நீர் சிறிது சேர்ந்திருந்தது. காலபோக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. மண் வாசனை வண்டியின் யன்னல் வழியே வந்து எம்மை வரவேற்றது.

கற்சிலைமடு வழியிலேயே வந்தது. இறங்கிவிடலாம் என்று மாணவர் ஆரவாரித்தனர். "பொறுங்கள். சரித்திரத்தின் ஒழுங்கிலேயே பார்ப்போம். முதலில் முல்லைத்தீவு, திரும்பி வரும்போது கற்சிலைமடு" என்றோம். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீசுவரரை வண்டியில் இருந்தபடியே கும்பிட்டு, முள்ளியவளையையும் தண்ணீரூற்றையும் கடந்து, கடற்காற்று முகத்தில் மோதும் முல்லைத்தீவில் போய் இறங்கினோம்.

பாக்கில் பிறந்த யுத்தம்

கடற்கரை மணலிலே மாணவரை வட்டமாக இருத்தி, 1803ஆம் ஆண்டின் கதையைச் சொல்லத் தொடங்கினோம். அக்கதை முல்லைத்தீவில் தொடங்குவதன்று. கண்டி மலைநாட்டிலே தொடங்குவது.

ஆங்கிலேயர் 1795ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையையும் யாழ்ப்பாணத்தையும் முல்லைத்தீவையும் மன்னாரையும் கைப்பற்றினர். 1796ஆம் ஆண்டு பெப்ரவரியில் கொழும்பும் அவர்கள் கையில் விழுந்தது. கரையோரம் முழுவதும் அவர்களுடையதாயிற்று. நடுவே மலையரண் சூழ்ந்த கண்டி மட்டும் தனியரசாக நின்றது. அங்கே 1798ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் அரசு செய்தான். இயற்பெயர் கண்ணுச்சாமி. தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வழியினன். அவனை அரியணையில் ஏற்றிய முதலமைச்சன் பிலிமத்தலாவையே அவனை இறக்கவும் எண்ணி, ஆங்கிலத் தேசாதிபதி நோர்த்துடன் இரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தான். அரியணைக்கு உரிமை கோரிய முத்துச்சாமி என்பவன் ஆங்கிலேயரின் அடைக்கலத்தில் இருந்தான். இவ்வாறு வீட்டுக்குள்ளே பகை; வாசலிலே அந்நியன்.

யுத்தத்துக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அது பாக்கு வடிவிலே கிடைத்தது. 1802ஆம் ஆண்டில் புத்தளத்து முஸ்லிம் வணிகர் கண்டி நாட்டில் வாங்கிய பாக்கைக் கண்டி அதிகாரிகள் பறித்துக்கொண்டனர். வணிகர் ஆங்கில ஆட்சிக்கு உட்பட்டவர்கள். நட்டஈடு கேட்கப்பட்டது, கிடைக்கவில்லை. 1803ஆம் ஆண்டு சனவரி இறுதியில் கொழும்பிலிருந்து ஜெனரல் மக்டோவலும், பெப்ரவரித் தொடக்கத்தில் திருகோணமலையிலிருந்து கேணல் பார்புட்டும் படை நடத்திச் சென்றனர். பெப்ரவரி மூன்றாம் வாரத்தில் கண்டி நகரை அடைந்தபோது, அரசனும் மக்களும் அகன்றுவிட்ட வெறும் நகரமே அவர்களை எதிர்கொண்டது. முத்துச்சாமிக்கு முடி சூட்டினார்கள். ஆனால் அவனை வந்து வணங்கக் குடிகள் ஒருவருமில்லை.

மலைநாட்டுக் காய்ச்சலும் பசியும் அந்தப் படையைத் தின்னத் தொடங்கின. பார்புட்டே நோயால் மாண்டார். மேஜர் டேவி என்பவர் பொறுப்பேற்றார். ஜூன் 24ஆந் திகதி கண்டிப் படை சூழ்ந்து தாக்க, டேவி சரணடைந்தார். மகாவலி கங்கையைக் கடக்க இயலாமல் கரையிலே நின்ற ஆங்கிலப் படைவீரர் கொல்லப்பட்டனர். அவர்கள் கைவிட்டுக் கொடுத்த முத்துச்சாமியும் கொல்லப்பட்டான். அந்தப் படையில் ஆங்கிலேயர் மட்டுமா இருந்தனர்? மலாய் வீரரும் இருந்தனர். அரசனுடைய படையிலும் மலாய் வீரர் இருந்தனர். ஒரே மொழி பேசியவர் இரு பக்கத்திலும் நின்று மாண்டனர் என்பதை மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும் என்றோம்.

கண்டியில் ஆங்கிலேயர் வீழ்ந்த செய்தி காட்டுவழியாக நாடெங்கும் பரவியது. வன்னியிலே அதற்காகவே காத்திருந்தவர் போல ஒருவர் எழுந்தார். குலசேகரம் வைரமுத்துப் பண்டாரவன்னியன் என்பது அவர் பெயர்.

67 நாட்கள்

வன்னியர் என்போர் யாழ்ப்பாண அரசுக்கும் கண்டி அரசுக்கும் இடைப்பட்ட காட்டுநிலத்தை ஆண்ட சிற்றரசர். வலிய அரசன் எழுந்தபோது திறை செலுத்துவர். அவன் தளர்ந்தபோது தாமே அரசராயிருப்பர். ஒல்லாந்தர் காலத்தில் அவர்கள் திறையாகக் கொடுத்தது பொன்னன்று, யானை. காட்டில் பிடித்த யானைகள் யாழ்ப்பாணத்துக்கு நடத்தப்பட்டுக் கடல்கடந்து விற்கப்பட்டன. திறை முறையாக வரவில்லை என்று முறையிட்டு வந்த ஒல்லாந்தர், 1782ஆம் ஆண்டில் படைகொண்டு வன்னியைக் கைப்பற்றித் தம் நேராட்சியின் கீழ்க் கொண்டுவந்தனர். நாகெல் என்னும் அதிகாரி முல்லைத்தீவில் அமர்ந்து வன்னியை நிருவகித்தார். ஆகவே 1803இல் பண்டாரவன்னியன் எழுந்தது ஆங்கிலேயர் செய்த ஒரு தீங்குக்கு மாத்திரம் பதிலாக அன்று. இருபது ஆண்டுகளுக்கு முன் இழந்த உரிமையை மீட்க வந்த எழுச்சி அது.

1803ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆந் திகதி, கண்டியரின் துணையுடன் அவர் முல்லைத்தீவைத் தாக்கினார். ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றுக் காவல் வைத்திருந்த கோட்டை அவர் வசமாயிற்று. காவற்படை படகேறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பிச் சென்றது. எமது மாணவர் கோட்டையைத் தேடிக் கண்களைச் சுழற்றினர். பார்த்து வியப்பதற்கு இன்று அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கடல் இருக்கிறது. ஓகஸ்ட் மாதத்தில் கீழ்க்கரைக் கடல் அமைதியாயிருக்கும் என்பது மீனவர் பிள்ளைகள் யாவரும் அறிந்ததே. இரண்டு மூன்று மாதம் தாழ்த்தித் தாக்கியிருந்தால், வாடைக்கடல் அந்தப் படகுகளை அத்துணை எளிதில் போகவிட்டிருக்குமோ என்னவோ!

அடுத்த சில வாரங்கள் வன்னி முழுவதும் பண்டாரவன்னியன் கையில் இருந்தது எனலாம். அவருடைய ஆட்கள் வடக்கே ஆனையிறவு வரையும் சென்றனர். ஆனையிறவைக் கடந்தால் யாழ்ப்பாணக் குடாநாடு. ஆங்கிலேயர் இதனை வெறும் காட்டுக் கலகமாக எண்ணி வாளாவிருக்க முடியவில்லை. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என மூன்று திசைகளிலிருந்தும் படைகள் ஏவப்பட்டன. மாரி வலுத்துக் காட்டுவழிகள் சேறாகுமுன் காரியத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரமும் அவர்களுக்கு இருந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு.

ஒக்டோபர் 31ஆந் திகதி விடியற்காலையில், கப்டன் வொன் டிரிபேர்க் என்பவரின் படை கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனைத் திடீரெனத் தாக்கியது. வன்னிப் படை சிதறுண்டது. முல்லைத்தீவு வெற்றிக்கும் கற்சிலைமடுத் தோல்விக்கும் இடையே உள்ளவை 67 நாட்கள் மட்டுமே. வென்ற தளபதியின் பெயரைப் பாருங்கள். அஃது ஆங்கிலப் பெயருமன்று, ஜெர்மானியப் பெயர். ஆங்கில அரசின் சேவையில் இருந்த ஜெர்மானியப் பெயர் கொண்ட ஒருவர், தமிழ் வன்னியரை, தென்னிந்திய வழிவந்த அரசன் ஒருவனுக்கும் தேசாதிபதி ஒருவருக்கும் இடையே மூண்ட யுத்தத்தின் ஓர் ஓரத்திலே முறியடித்தார். யுத்தம் பெரியது, இந்தச் சண்டை மிகச் சிறியது. பேரரசின் சரித்திரத்தில் அதற்குக் கிடைத்த இடம் சில வரிகள்தாம்.

தமிழகத்து நிகழ்ச்சிகளையும் இவ்விடத்தில் நினைவூட்டினோம். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில். மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில். பண்டாரவன்னியன் முறியடிக்கப்பட்டதும் 1803ஆம் ஆண்டின் ஒக்டோபர் மாதமே. பாளையக்காரரும் வன்னியரும் ஒரே வகைத் தலைவர்கள். திறை கொடுத்தும் கொடாதும் வாழ்ந்த பழைய சிற்றரசர்களை, எல்லாவற்றையும் கணக்கிலே எழுதி வரி வாங்கும் புதிய ஆட்சி ஒன்று பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஏககாலத்தில் துடைத்துக்கொண்டு வந்தது.

காக்கைவன்னியன் யார்?

கதையைக் கேட்டு முடித்ததும், துடிப்புள்ள மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, நீங்கள் முக்கியமான ஆளை விட்டுவிட்டீர்களே! காக்கைவன்னியன் காட்டிக்கொடுத்ததால்தானே பண்டாரவன்னியன் தோற்றார்?" என்றான். மற்றவர்களும் ஆமோதித்தனர். நாடகங்களிலே அவர்கள் அவ்வாறே கண்டிருக்கிறார்கள். முல்லைமணி அவர்களின் 'பண்டாரவன்னியன்' நாடகம் 1964இல் வெளிவந்தது முதல் இக்கதை மேடைதோறும் ஏறி, ஊர்தோறும் வழங்கி வருகிறது.

நாம் சிறிது தயங்கினோம். ஊர் போற்றும் கதையை ஒரு வாத்தியார் கடற்கரை மணலில் உட்கார்ந்து உடைத்துவிடக் கூடாது. ஆயினும் மாணவருக்கு உண்மையை மறைப்பதும் கூடாது. ஆகவே ஒரு செய்தியை மட்டும் சொன்னோம்.

யாழ்ப்பாணத்துக் கடைசி அரசனான சங்கிலி, பறங்கியர் என்னும் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டது 1619ஆம் ஆண்டில். சங்கிலியைக் காட்டிக்கொடுத்தவன் யார் என்று கேட்டால், மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை ஒரு பெயரைச் சொல்கிறது. அந்தப் பெயர் காக்கைவன்னியன்! இரண்டு தோல்விகளுக்கும் இடையே 184 ஆண்டுகள். துரோகியின் பெயர் மட்டும் ஒன்றே. ஒருவன் அத்தனை காலம் உயிர்வாழ முடியாது. பெயர்தான் உயிர்வாழ்ந்திருக்கிறது.

மாணவர் திகைத்தனர். "அப்படியானால் காக்கைவன்னியன் பொய்யா?" என்று ஒருத்தி கேட்டாள். "பொய் என்று நாம் சொல்லவில்லை. காட்டிக்கொடுப்போர் எக்காலத்திலும் உண்டு. ஆனால் கற்சிலைமடுத் தோல்வியை விளங்கிக்கொள்ளத் துரோகி ஒருவன் கட்டாயம் வேண்டுமா என்று யோசியுங்கள். மூன்று பக்கத்திலிருந்தும் பயிற்சி பெற்ற படை வருகிறது. கடல் அவர்களுடையது. கண்டி அரசனோ தன் எல்லையிலேயே போராடிக்கொண்டிருக்கிறான். செப்டெம்பரில் அவன் படை ஹங்வெல்லையில் தோற்றுப் பின்வாங்குகிறது. வன்னிக்கு உதவி வர வழியில்லை. இவ்வளவும் போதாவா? ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காக்கைவன்னியனைத் தேடிக் கண்டுபிடித்தால், உண்மையான காரணங்களைத் தேடும் உழைப்பு எமக்கு மிச்சமாகிவிடுகிறது. அந்த மிச்சம் நல்ல மிச்சமன்று" என்றோம்.

ஒருவரும் பேசவில்லை. அலைகள் மாத்திரம் பேசிக்கொண்டிருந்தன. அந்தக் கடற்கரை 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் பட்ட துன்பத்தையும், அதற்கு வடக்கே முள்ளிவாய்க்காலில் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற போரையும் அந்தப் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய வீடுகளிலேயே அவை இருக்கின்றன.

தோற்கடித்தான் என்றுதான் எழுதியிருந்தது

பிற்பகலில் திரும்பும் வழியிலே கற்சிலைமடுவில் இறங்கினோம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அங்கே ஒரு கல் நாட்டப்பட்டது. அதிலே ஆங்கிலத்தில் பொறித்திருந்தது சிறிய வாசகம்: இவ்விடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்பதும், 1803 ஒக்டோபர் 31 என்ற திகதியுமே அதில் இருந்தவை. அண்மைக்காலப் போர் ஓய்ந்த பின்னர் அந்தக் கல் சிதைக்கப்பட்டது. ஆயினும் ஊர் அவரை மறந்துவிடவில்லை. அவருடைய நினைவு அங்கே மீண்டும் நிலைநாட்டப்பட்டிருக்கிறது. ஓகஸ்ட் 25ஐ வெற்றி நாளாகவும், ஒக்டோபர் 31ஐ நினைவு நாளாகவும் வன்னி மக்கள் கொண்டாடி வருகின்றனர்.

அருகே இருந்த தேநீர்க்கடையின் வாங்கில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். இத்தனை பிள்ளைகளை ஒன்றாகக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டு, பழைய கல்லைத் தாம் சிறு வயதிலேயே கண்டவர் என்றார்.

"வெள்ளைக்காரன் வைச்ச கல்லுத்தானே, அப்பு? எங்கடை ஆள் தோத்தது எண்டுதானே அதிலை எழுதியிருந்தது? அதை ஏன் இவ்வளவு கவனமாய்ப் பார்த்தனீங்கள்?" என்று மாணவன் ஒருவன் கேட்டான்.

முதியவர் சிரித்தார். "தம்பி, அவன் தன்ரை வெற்றியைச் சொல்லத்தான் கல்லு வைச்சவன். நாங்கள் எங்கடை ஆளின்ரை பேரைப் பார்க்கத்தான் போனனாங்கள். அவனுடைய பேரை இப்ப ஆருக்குத் தெரியும்? ஆனால் ஒண்டு. அந்தக் கல்லு இல்லாட்டி எந்த இடம், எந்த நாள் எண்டு எங்களுக்கும் தெரியாமல் போயிருக்கும்" என்றார்.

பட்டம் பெற்ற நாம் பல நூல்களைப் புரட்டியும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லத் தெரியாத ஒன்றை அவர் சொல்லிவிட்டார். வென்றவன் எழுதிய ஒரு வாக்கியத்தில் தோற்றவனுடைய பெயரும் இருந்தே தீரவேண்டும். எவனை வென்றான் என்று சொல்லாமல் வெற்றியைச் சொல்ல இயலாது. டிரிபேர்க்கின் வெற்றியைச் சொல்ல எழுதப்பட்ட வாக்கியம், அவரைச் சுமந்ததைவிடப் பண்டாரவன்னியனையே சுமந்தது.

அந்த வாக்கியத்தில் இன்னொன்றும் உண்டு. தோற்கடித்தான் என்றிருந்ததே அன்றிக் கொன்றான் என்று இருக்கவில்லை. மாணவர் பலர் பண்டாரவன்னியன் அன்றே அவ்விடத்திலேயே வீழ்ந்தார் என்று எண்ணியிருந்தனர். கல் அவ்வாறு சொல்லவில்லை. வென்றவன், தன் பகைவனைக் கொன்றிருந்தால் அதைக் கல்லில் எழுதாமல் விட்டிருப்பானா? நாடகத்துக்கு வீரமரணம் வேண்டும். ஒரு மனிதனுக்கோ, தோற்ற மறுநாளும் பொழுது விடிகிறது. தோல்வியின் பின்னும் உயிருடன் இருப்பதற்கு வேண்டிய நெஞ்சுரம் வேறு வகையானது. அதைப் பாடும் நாடகங்கள் குறைவு.

மாணவி கேட்ட கேள்வி

அப்பொழுதுதான், காலை முதல் அதிகம் பேசாதிருந்த மாணவி ஒருத்தி எம் அருகே வந்தாள். 2009இல் தாயின் இடுப்பில் இருந்து அந்தக் கடற்கரையை விட்டு வெளியேறிய குழந்தை அவள் என்பதை நாம் அறிவோம். அவள் மெல்லிய குரலில் கேட்டாள்: "ஐயா, தோற்ற நாளையும் நினைவு வைத்திருக்கத்தான் வேண்டுமா? ஓகஸ்ட் 25ஐ மட்டும் கொண்டாடினால் போதாதா?"

எமக்கு உடனே மறுமொழி வரவில்லை. வகுப்பறையில் கேட்டிருந்தால் ஏதேனும் ஒரு பொதுமொழி சொல்லி நகர்ந்திருப்போம். அந்த இடத்திலே, அந்தப் பிள்ளை கேட்டபோது, அவ்வாறு செய்ய மனம் வரவில்லை. வண்டி ஏறி, மாங்குளம் வந்து, இருள் கவிந்தபின் வவுனியா வீதியில் போகும்போதுதான் அவளுக்குச் சொல்லத்தக்க ஒரு மறுமொழி எமக்குக் கிடைத்தது.

1803இன் பின் வன்னி என்னாயிற்று என்பதை நினைத்துப் பார்த்தோம். வன்னியர் ஆட்சி திரும்ப எழவில்லை. கண்டி அரசும் 1815இல் வீழ்ந்தது. அதன் கடைசி அரசன் வேலூருக்குச் சிறைகொண்டு செல்லப்பட்டு 1832இல் மாண்டான். வன்னியிலே குளங்கள் உடைந்து கிடந்தன. காய்ச்சல் ஊர்களைக் காலியாக்கியது. ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி வன்னியைப் பற்றிய பெருநூலை 1895இல் வெளியிட்டபோது, ஆளற்ற ஊர்களும் பாழடைந்த குளங்களும் அந்நிலத்திலே மலிந்திருந்தன. ஆனால் 1905இல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதப் பாதை இந்தக் காட்டை ஊடறுத்துச் சென்றது. குளங்கள் ஒவ்வொன்றாய்த் திருத்தப்பட்டன. இரணைமடுவின் நீரைக் கொண்டு கிளிநொச்சியில் நெல் விளைந்தது. மக்கள் மீண்டும் வந்தனர், மீண்டும் வெளியேறினர், மீண்டும் வந்திருக்கின்றனர். இந்த நிலத்தின் கதை 67 நாட்களின் கதை அன்று. அதன் பிறகு வந்த நாட்களின் கதை.

முன் இருக்கையில் இருந்த அவளை அழைத்துச் சொன்னோம்: "பிள்ளை, ஓகஸ்ட் 25 நம்மவரால் என்ன செய்ய முடிந்தது என்பதைச் சொல்லும் நாள். ஒக்டோபர் 31 என்ன நடந்தது என்பதைச் சொல்லும் நாள். முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டால் எமக்குப் பெருமை மட்டும் கிடைக்கும், அறிவு கிடைக்காது. இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டால் துக்கம் மட்டும் மிஞ்சும். அந்தத் தாத்தா பார்த்தாரே, இரண்டையும் பார்த்தார். தோற்றது என்று எழுதியிருந்ததை அவர் அழிக்கவுமில்லை. அதற்காகத் தலை குனியவுமில்லை."

அவள் சிறிது நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கல்லில் இருந்த வாசகத்தை இன்னொரு முறை சொல்லுங்கள், ஐயா. எழுதிக்கொள்கிறேன்" என்றாள். சொன்னோம். ஆடும் வண்டியில், மங்கிய விளக்கொளியில், கொப்பியிலே அதனை முழுமையாக எழுதிக்கொண்டாள். டிரிபேர்க்கின் பெயரையும் விடவில்லை.

வன்னிக்குப் பிரயாணம் செய்யும் அன்பர்கள் முல்லைத்தீவுக் கடலையும், வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலையும், நந்திக்கடலையும் காணத் தவறுவதில்லை. அவர்கள் மாங்குளத்திலிருந்து வரும் வழியிலே, ஒட்டுசுட்டானுக்கு முன்னதாகக் கற்சிலைமடுவிலும் கால்மணி நேரம் இறங்கி நிற்கவேண்டும் என்பது எமது வேண்டுகோள். அங்கே மாளிகை இல்லை, கோட்டை இல்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அங்கே என்ன நடந்தது என்பதை அவர்களுக்குக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுங்கள். ஐப்பசி மாதமாயின், விதைத்த வயல்களில் முளை அரும்பி நிற்பதையும் அவர்கள் கண்டு வருவார்கள்.